அம்மாவின் வேலைமுறையில் ஒரு விடுமுறை வீடு: வாடகைக்கு விடுவோருக்கான முழுமையான வழிகாட்டி

விடுமுறைக்கு வருவோருக்கு வீட்டை வாடகைக்கு விடப் போகிறேன் என்று சொன்னதும் சுற்றியிருப்பவர்கள் அலங்காரத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். சுவரில் என்ன மாட்டலாம், திரைச்சீலை என்ன நிறம், படம் எடுக்க யாரை அழைக்கலாம் என்று ஆளுக்கொரு யோசனை வரும். இதெல்லாம் முதல் விருந்தினரைக் கொண்டுவரும். இருபதாவது விருந்தினர் வருவது தண்ணீர் தேங்காத குளியலறையால், ஈரவாடை அடிக்காத விரிப்பால், கேட்பதற்கு முன்பே கிடைத்த பதிலால். இவற்றுக்கான பயிற்சி நம்மில் பலருக்கு ஏற்கெனவே வீட்டிலேயே கிடைத்திருக்கிறது. கற்றுத்தந்தவர் அதைப் பயிற்சி என்று நினைக்கவில்லை, கற்றுக்கொண்ட நாமும் நினைக்கவில்லை.

பாசத்தோடு உபசரியுங்கள் என்று சொல்ல வரவில்லை. பணம் கொடுத்துத் தங்க வருகிறவருக்கு உங்கள் பாசம் தேவையில்லை. அம்மாவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேலைத்திறன்: எதை முதலில் செய்வது, எதை எவ்வளவு இருப்பு வைப்பது, எங்கே பணம் கசிகிறது, வருகிறவருக்கு அடுத்து என்ன வேண்டியிருக்கும், எதற்கு மறுப்பது. அப்பாவிடமோ பாட்டியிடமோ இதைக் கற்றவர்களும் இருப்பார்கள். என் வீட்டில் அம்மா.

விட்டுவிட வேண்டிய ஒன்றும் உண்டு. அம்மா தன் உழைப்புக்குக் கணக்கு எழுதியதே இல்லை. அந்தப் பழக்கத்தைத் தொழிலுக்குள் கொண்டுவந்தால், வீடு லாபம் தருவது போலத் தோன்றும். உண்மையில் உங்கள் இலவச உழைப்பில் ஓடிக்கொண்டிருக்கும். கீழே வரும் எல்லாப் படிகளிலும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: விருந்தினராக உங்கள் வீட்டில் தங்குங்கள்

விளம்பரம் போடுவதற்கு முன், ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு போய் இரண்டு இரவு அங்கே தங்குங்கள். ஓர் இரவு போதாது. முதல் இரவில் வீட்டின் குறைகளைச் சகித்துக்கொள்வோம், இரண்டாம் நாள் காலையில்தான் எரிச்சல் வரும். பெட்டியைத் திறந்து வைக்க இடம் இருக்கிறதா? படுக்கையிலிருந்து எழாமல் விளக்கை அணைக்க முடிகிறதா? தொலைபேசிக்கு மின்னேற்றம் செய்யும் இடம் கட்டிலுக்கு அருகில் இருக்கிறதா? குளிக்கும்போது உலர்ந்த உடையை எங்கே தொங்கவிடுவது? இருவர் குளித்தபின் மூன்றாமவருக்கு வெந்நீர் மிஞ்சுகிறதா?

யாராவது வீட்டுக்கு வருகிறார்கள் என்றால், அவர்களுக்காக ஒதுக்கிய அறையில் அம்மா முதலில் போய்ப் படுத்துப் பார்ப்பார். தலையணையில் தலை வைத்தால் எந்த விளக்கு கண்ணைக் கூசுகிறது, விடியற்காலையில் எந்தச் சன்னல் வழியாக வெயில் முகத்தில் விழும் என்பதெல்லாம் நின்று பார்த்தால் தெரியாது. படுத்து, உட்கார்ந்து, குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து ஒவ்வோர் அறையையும் பாருங்கள். கண்ணில் பட்டதை அங்கேயே எழுதுங்கள். மறுநாள் நினைவிலிருந்து எழுதினால் பாதி விட்டுப்போகும், ஏனென்றால் சொந்த வீட்டின் குறைகளைக் கண் வெகு சீக்கிரம் பழகிக்கொள்ளும்.

படி 2: கணக்கு நோட்டு

வீட்டுச் செலவை வரி வரியாக எழுதிவைக்கும் அம்மாக்களுக்கு, மாதக் கடைசியில் எவ்வளவு மிஞ்சியது என்பதைவிட எந்தச் செலவு எப்போது வரும் என்பதுதான் முக்கியம். நீங்களும் செலவை இரண்டாகப் பிரியுங்கள். யாரும் தங்காவிட்டாலும் போகும் நிலைச் செலவு ஒன்று: கடன் தவணை அல்லது வாடகை, வரி, காப்பீடு, இணையம், பராமரிப்பு. ஒவ்வொரு முறை ஆள் வந்துபோகும்போதும் ஆகும் செலவு மற்றொன்று: சுத்தம் செய்யும் கூலி, சலவை, சோப்பு, கழிப்பறைக் காகிதம், உங்கள் நேரம்.

எந்த நாணயமானாலும், நிலைச் செலவு ஆண்டுக்கு 3,60,000 என்றும் ஆண்டில் 120 இரவுகள் விற்கும் என்றும் வைத்துக்கொள்வோம். ஓர் இரவின் தலையில் 3,000 விழுகிறது. ஒருமுறை வீட்டைத் தயார் செய்ய 1,500 ஆகிறது என்றால், ஓர் இரவு மட்டும் தங்குபவரால் உங்களுக்கு ஆகும் செலவு 4,500. மூன்று இரவு தங்குபவரால் இரவுக்கு 3,500தான். முன்பதிவுத் தளம் 15 சதவீதம் எடுத்துக்கொண்டால், ஓர் இரவுக்காரரிடம் ஏறத்தாழ 5,300 வாங்கினால்தான் கைக்காசு போகாது. இந்தக் கணக்கைப் போடாமல் பக்கத்து வீட்டுக்காரர் என்ன விலை வைத்திருக்கிறார் என்று பார்த்து விலை வைப்பவர்கள், நிறைய ஆட்கள் வருகிறார்கள், கையில் மட்டும் காசு நிற்கவில்லை என்று புலம்புவார்கள். குறைந்தது இரண்டு இரவு என்று விதி வைக்கலாம், சுத்தக் கட்டணத்தைத் தனியாக வாங்கலாம். எதுவானாலும் கணக்குக்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.

அந்த 1,500க்குள் உங்கள் மணிநேரம் இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். பெரும்பாலான கணக்குகளில் இருக்காது.

தேய்மானத்துக்கும் தனிப் பை வேண்டும். மெத்தை, வாட்டர் ஹீட்டர், துவைக்கும் இயந்திரம் மூன்றும் சொல்லாமல் போய்விடும், அதுவும் ஆள் நிறைந்த மாதத்தில்தான் போகும். ஒவ்வொரு வரவிலிருந்தும் ஒரு பகுதியை எடுத்து வேறு கணக்கில் போட்டுவிடுங்கள். தொடங்கும் முன்பே, குறுகிய கால வாடகைக்கு உங்கள் பகுதியில் உரிமமோ பதிவோ தேவையா, குடியிருப்புச் சங்கம் அனுமதிக்கிறதா, சாதாரண வீட்டுக் காப்பீடு பணம் கொடுத்துத் தங்குபவர்களுக்கும் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்த விதிகள் ஊருக்கு ஊர் மாறும். வாய்வார்த்தையை நம்பி இறங்காதீர்கள்.

படி 3: மூன்று செட் என்ற கணக்கு

விடுதிகளில் துணி இருப்புக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: ஒவ்வொரு கட்டிலுக்கும் மூன்று செட். ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். அவசரத்துக்கு ஒன்று எப்போதும் மடித்து வைத்திருக்கும் வீடுகளில் இதே கணக்குதான் பேர் சொல்லாமல் நடக்கிறது. இரண்டு செட்டோடு சமாளிப்பவர்களுக்கு மழை நாளில்தான் சோதனை வரும்.

விரிப்பும் துண்டும் வெள்ளையாகவோ ஒரே நிறத்திலோ இருக்கட்டும். ஒன்று கெட்டால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். பூப்போட்ட செட்டில் ஒரு தலையணை உறை கெட்டால் முழு செட்டும் வீண். துண்டு வாங்கும்போது தடிமன் மயக்கும். சதுர மீட்டருக்கு 500 முதல் 600 கிராம் எடையுள்ளது கைக்கு நன்றாக இருக்கும், நியாயமான நேரத்தில் காயவும் செய்யும். அதற்கு மேல் போனால் சலவை நாளில் நீங்கள்தான் அவதிப்படுவீர்கள். துணியை மென்மையாக்கும் திரவத்தைத் துண்டுகளுக்குப் போடாதீர்கள். அது நூலின் மேல் படிந்து, நீரை உறிஞ்சும் திறனைக் குறைத்துவிடும்.

மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் வைத்த, நீர் புகாத உள்ளுறை போடுங்கள். வெளியுறையைவிட முக்கியமான செலவு இதுதான்.

கறைக்கு அம்மாவின் விதி ஒன்றே போதும்: ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர். வெந்நீர் பட்டால் ரத்தத்திலுள்ள புரதம் நூலோடு இறுகிவிடும், பிறகு எதற்கும் அசையாது. கறை முழுதாகப் போகும் வரை துணியை உலர்த்தும் இயந்திரத்தில் போடாதீர்கள், இஸ்திரியும் போடாதீர்கள். மற்றபடி விரிப்பு தாங்கும் என்றால் 60 டிகிரி செல்சியஸில் துவைப்பது நல்லது. தூசிப்பூச்சிகளும் மூட்டைப்பூச்சிகளும் அந்தச் சூட்டில் சாகும்.

காய்ந்த விரிப்பை மடித்து வைப்பதற்கு முன் அம்மா செய்யும் ஒரு காரியத்தை இன்றைக்கும் நான் விடுவதில்லை. தடித்த ஓரத் தையலை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்து, பிறகு கன்னத்தில் வைப்பார். நடுத்துணி மொறுமொறுவென்று காய்ந்திருந்தாலும் தையலில் ஈரம் நிற்கும்; விரலுக்குத் தெரியாத குளிர்ச்சி கன்னத்துக்குத் தெரியும். அப்படி ஒன்று அலமாரிக்குள் போனால் அடுக்கு முழுவதும் பூஞ்சை வாடை ஏறிவிடும். விருந்தினர் மதிப்புரையில் ‘வீடு ஏதோ வாடை அடிக்கிறது’ என்று எழுதுவார். எங்கிருந்து என்று அவருக்குச் சொல்லத் தெரியாது, உங்களுக்கும் கண்டுபிடிக்க முடியாது.

படி 4: ஒருவர் கிளம்பி இன்னொருவர் வருவதற்குள்

தொழிலின் உயிர் இங்கேதான். செக் அவுட் காலை 11 மணி, செக் இன் பிற்பகல் 3 மணி என்றால் கையில் இருப்பது நான்கு மணி நேரம். ஆள் எண்ணிக்கையைவிட வேலையின் வரிசைதான் இங்கே நேரத்தை மிச்சப்படுத்தும். அம்மா அடுப்பில் ஒன்று கொதிக்கும்போதே அடுத்ததை நறுக்குவார். தானாக நடக்கும் வேலையை முதலில் தொடங்கிவிட்டு, கை தேவைப்படும் வேலையை அந்த இடைவெளியில் முடிப்பதுதான் அதன் சூட்சுமம்.

உள்ளே நுழைந்ததும் எதையும் தொடாமல் ஒரு சுற்றுச் சுற்றிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உடைந்தது, காணாமல் போனது, விட்டுச்சென்றது எல்லாம் அதில் பதிவாகிவிடும். பின்னால் வாக்குவாதம் வந்தால் கைகொடுப்பது அந்தப் படங்கள்தான். அடுத்துச் சன்னல்களைத் திறங்கள். படுக்கையைக் கலைத்து, துணியை உதறிப் பார்த்து, துவைக்கப் போடுங்கள். காதணியும் மின்னேற்றக் கம்பியும் விரிப்புச் சுருளுக்குள்தான் ஒளிந்திருக்கும். கட்டில் வெறுமையாக இருக்கும் இந்த ஒரு நிமிடத்தில் மெத்தையின் தையல் ஓரங்களையும் தலைமாட்டுப் பலகையின் இடுக்குகளையும் கைவிளக்கு வைத்துப் பாருங்கள். சின்னக் கரும்புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் மூட்டைப்பூச்சியாக இருக்கலாம். சந்தேகம் வந்தாலே அடுத்த முன்பதிவை நிறுத்திவிட்டுப் பூச்சி ஒழிப்பவரை அழைக்க வேண்டும். மருந்தடித்து மூடி மறைக்கிற விஷயம் இல்லை இது.

அடுத்து குளியலறை. சுத்தம் செய்வதும் கிருமி நீக்குவதும் இரண்டு வேலைகள். முதலில் அழுக்கைத் தேய்த்துக் கழுவி, பிறகு கிருமிநாசினியைப் பூசிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். எத்தனை நிமிடம் ஈரமாக நிற்க வேண்டும் என்று புட்டியிலேயே அச்சிட்டிருக்கும். தெளித்தவுடன் துடைப்பவர் பணத்தைத்தான் துடைக்கிறார். அது வேலை செய்யும் நேரத்தில் நீங்கள் சமையலறைக்குப் போகலாம். ஓர் எச்சரிக்கை: பிளீச்சையும் ஆசிடையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும். அம்மோனியா கலந்த திரவத்தோடு பிளீச் சேர்ந்தாலும் நச்சு வாயுதான். ஒன்றை ஊற்றிக் கழுவாமல் அடுத்ததை ஊற்றுவதும் சேர்ப்பதற்குச் சமம்.

சமையலறையில் குளிர்பதனப் பெட்டியைக் காலி செய்து துடைத்து, உள்ளே 5 டிகிரிக்கு மேல் போகவில்லை என்று பார்த்துவிடுங்கள். அலமாரியில் இருக்கும் கழுவிய பாத்திரங்களையும் ஒருமுறை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கிளம்பும் அவசரத்தில் கழுவியது பளிச்சென்று இருக்காது.

தூசி எப்போதும் மேலிருந்து கீழே. மின்விசிறி, விளக்கு, அலமாரி மேல்தட்டு முடிந்தபின் கட்டிலை விரியுங்கள், அதற்குப் பிறகு தரை. உள்ளறையில் தொடங்கி வாசலில் முடிக்க வேண்டும். துடைத்த இடத்தில் திரும்பிக் கால் வைக்கக் கூடாது. கழிப்பறைக்கு ஒரு நிறத் துணி, சமையலறைக்கு வேறு நிறம், இரண்டும் ஒரே வாளியில் நனையக் கூடாது.

கடைசியில் இரண்டாவது சுற்று, இந்த முறை வெறுங்கையோடு. குளியலறை வடிகால் மூடியைத் தூக்குங்கள். ஒரே ஒரு தலைமுடி போதும், அதுவரை செய்த நான்கு மணி நேர வேலையும் விருந்தினர் கண்ணில் பொய்யாகிவிடும். கண்ணாடியை நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் நின்று பாருங்கள், விரல் தடங்கள் அப்போதுதான் தெரியும். கதவுக் கைப்பிடி, சுவிட்சு, தொலைக்காட்சி ரிமோட் மூன்றும் எல்லோரும் தொடுபவை, யாரும் துடைக்காதவை.

இந்த வரிசையைத் தாளில் எழுதிச் சுத்தப் பொருள்கள் இருக்கும் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். நீங்கள் போக முடியாத நாளில் வேலை நடப்பது அந்தத் தாளால்தான்.

படி 5: விட்டுக்கொடுக்கக் கூடாதவை

புகை எச்சரிக்கைக் கருவியை மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். தயாரித்த தேதியிலிருந்து 10 ஆண்டு ஆனதை மாற்றிவிடுங்கள். சத்தம் வந்தாலும் உள்ளிருக்கும் உணரி மங்கியிருக்கும். எரிவாயுவோ விறகோ எரியும் வீட்டில் கார்பன் மோனாக்சைடு கருவி கட்டாயம். அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, இருட்டிலும் கண்டுபிடிக்கக்கூடிய கைவிளக்கு ஆகியவை எங்கே இருக்கின்றன என்பதை வீட்டுக் குறிப்பில் முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

வாரக்கணக்கில் காலியாக இருந்த வீட்டில் குழாய்களில் நீர் தேங்கி நிற்கும். 20 முதல் 45 டிகிரி வரையுள்ள தேங்கிய நீர் லெஜியோனெல்லா கிருமிக்கு உகந்தது. அது நீராவித் துளிகளோடு நுரையீரலுக்குள் போனால் கடுமையான நிமோனியா வரும். ஆகவே ஆள் இல்லாத காலத்திலும் வாரம் ஒருமுறை எல்லாக் குழாய்களையும் ஷவரையும் சில நிமிடம் திறந்துவிடுங்கள், துளி தெறிக்காமல். சேமிப்புத் தொட்டியில் வெந்நீர் 60 டிகிரியில் இருக்கட்டும், குழாயில் கை சுடாமலிருக்க, வெந்நீரோடு பச்சைத் தண்ணீரைக் கலக்கும் வால்வு பொருத்துங்கள். பயன்படாத அறைக்குள் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும் என்பதால், சிறிய ஈரமானி ஒன்றையும் வாங்கி வையுங்கள்.

வீட்டுக்குள் கேமரா வேண்டவே வேண்டாம். வாடகை வீடுகளுக்கான முன்பதிவுத் தளமான ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் 30 முதல் உட்புறக் கேமராக்களை முற்றாகத் தடை செய்துவிட்டது. தடை இல்லாவிட்டாலும் அது அநாகரிகம்.

படி 6: கேட்பதற்கு முன் பதில்

களைத்து வந்தவரிடம் கேள்வி கேட்காமல் அவருக்குத் தேவையானதை நீட்டுவது ஒரு திறன். வாடகை வீட்டில் அதைச் செய்வது ஒரு தாள். வருகைக்கு முந்தைய நாள் அனுப்பும் செய்தியில் மூன்றே விஷயங்கள்: வழி, சாவி, வைஃபை. பகலில் எடுத்த வாசல் படத்தோடு இரவில் எடுத்த ஒன்றையும் சேருங்கள். பெரும்பாலானவர்கள் இருட்டியபின்தான் வந்து சேர்வார்கள்.

வீட்டுக்குள் வைக்கும் குறிப்பு நீளமாக இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு கருவிக்கான குறிப்பும் அந்தக் கருவியின் அருகிலேயே இருக்க வேண்டும். ஒரே கேள்வியை மூன்று விருந்தினர் கேட்டால் குறை அவர்களிடம் இல்லை, வீட்டில் இருக்கிறது. எந்த சுவிட்சு எந்த விளக்குக்கு என்று தொடர்ந்து கேட்கிறார்களா? சுவிட்சின் மேல் சிறு சீட்டு ஒட்டுங்கள், முடிந்தது.

வந்த பிறகு ஒரே ஒரு விசாரிப்பு, முதல் நாள் இரவோ மறுநாள் காலையோ. அதற்கு மேல் போனால் தொந்தரவு. அம்மாக்கள் பலருக்கு இந்த அளவு தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘இன்னும் கொஞ்சம்’ என்று நிற்கிற பழக்கம் உறவினருக்குச் சரி, காசு கொடுத்துத் தனிமை வாங்கியவருக்குச் சரிவராது.

படி 7: முடியாது என்று சொல்வது

நல்ல வீட்டு நிர்வாகி குரலை உயர்த்தாமல் மறுப்பார், காரணத்தை ஒருமுறைதான் சொல்வார். ஆள் எண்ணிக்கை, சத்தம், புகை, விருந்துக் கொண்டாட்டம், செல்லப்பிராணி ஆகியவற்றுக்கான விதிகளை முன்பதிவுக்கு முன்பே தெரியும்படி வையுங்கள். எட்டு விதிகளுக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள், உங்களைப் பிடிவாதக்காரர் என்றும் நினைப்பார்கள். நான்கு பேர் என்று பதிந்துவிட்டு ஏழு பேர் வந்து நின்றால், ‘காப்பீடு நான்கு பேருக்குத்தான், மற்ற மூவருக்கு வேறு இடம் தேட உதவுகிறேன்’ என்பது போன்ற ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். வாசலில் நின்று யோசித்தால் விட்டுக்கொடுத்துவிடுவீர்கள்.

இரண்டு மூன்று தளங்களில் வீட்டைப் போட்டிருந்தால் நாள்காட்டிகளை ஐகால் இணைப்பால் (ஒரு தளத்தின் நாள்காட்டியை மற்றொன்று படிக்க உதவும் இணைய முகவரி) ஒன்றோடொன்று சேர்க்கலாம். ஆனால் அது உடனுக்குடன் புதுப்பிக்காது, சில மணி நேரம் பிந்தும். திருவிழா, நீண்ட வார இறுதி போன்ற நெரிசல் நாள்களில் ஓர் இடத்தில் பதிவானதும் மற்ற தளங்களில் கையால் மூடிவிடுங்கள்.

படி 8: புகார் வரும்போது

குழந்தை விழுந்து அழும்போது அனுபவசாலி முதலில் காயத்தைத்தான் பார்ப்பார், ஏன் ஓடினாய் என்று பிறகுதான் கேட்பார். வெந்நீர் வரவில்லை என்ற செய்திக்கு முதல் பதில் ‘நேற்று வரை வந்ததே’ என்பதாக இருக்கக் கூடாது. ‘பார்த்துவிட்டேன், இத்தனை மணிக்குள் ஆள் வருவார்’ என்று நேரத்தோடு சொல்லுங்கள், சொன்ன நேரத்துக்கு அனுப்புங்கள். மின்பணியாளர், குழாய்ப் பணியாளர், பூட்டுத் திறப்பவர் என ஒவ்வொருவருக்கும் மாற்று ஆள் ஒருவரின் எண்ணும் கையில் இருக்க வேண்டும். பணத்தைத் திருப்பித் தருவதானால், கேட்பதற்கு முன் தரும் சிறு தொகை, சண்டைக்குப் பின் தரும் பெரிய தொகையைவிட மதிப்புள்ளது.

ஏர்பிஎன்பியில் தங்கல் முடிந்த பின் மதிப்புரை எழுத இரு தரப்புக்கும் 14 நாள் உண்டு. இருவரும் எழுதிய பிறகோ அந்த 14 நாள் முடிந்த பிறகோதான் வெளியே தெரியும். ஆகவே அவர் என்ன எழுதினார் என்று பார்த்துப் பதிலடி கொடுக்க வழியில்லை. நடந்ததை நேர்மையாக, சுருக்கமாக எழுதிவிடுங்கள். மோசமான மதிப்புரைக்குப் பொதுவில் பதில் எழுதும்போது, உங்கள் வாசகர் அடுத்து வரப்போகிறவர்தான். எழுதியவரிடம் வழக்காடி எதுவும் ஆகாது. என்ன சரிசெய்தீர்கள் என்று இரண்டு வரி, அத்துடன் விட்டுவிடுங்கள்.

படி 9: உதவிக்கு ஆள் வைப்பது

இங்கேதான் அம்மாவின் முறையை நான் முழுதாக ஏற்பதில்லை. தானே செய்தால்தான் சரியாக இருக்கும் என்று எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டார். உங்கள் வீட்டைச் சுத்தம் செய்பவர்தான் அதன் உண்மையான மேலாளர். உடைந்த கீலை உங்களுக்கு முன் அவர்தான் பார்க்கிறார். மணிக்கணக்கில் அல்லாமல் வேலைக்கணக்கில் பேசுவதானால், அந்த வேலையை ஒருமுறை நீங்களே செய்து பார்த்துவிட்டு நேரத்தைக் கணக்கிட்டுக் கூலி பேசுங்கள். முன்பதிவு ரத்தானால் அவருக்குப் பாதிக் கூலியாவது தருவது நியாயம், ஏனென்றால் அந்த நாளை உங்களுக்காக ஒதுக்கியிருந்தார். குறையை அவரிடம் நேரில் சொல்லுங்கள், பாராட்டும் மதிப்புரையை அப்படியே அவருக்கு அனுப்புங்கள்.

படி 10: மூடும் நாள்கள்

ஆண்டுத் தொடக்கத்திலேயே, முன்பதிவு திறப்பதற்கு முன், நாள்காட்டியில் சில நாள்களை அடைத்துவிடுங்கள். ஒவ்வொரு பருவ முடிவிலும் இரண்டு மூன்று நாள்: மெத்தையைத் திருப்ப, சுவரில் பட்ட கீறல்களுக்கு வண்ணம் பூச, வடிகால்களைத் திறந்து சுத்தம் செய்ய, பாத்திரங்களை எண்ண, கிழிந்த துண்டுகளைத் துடைக்கும் துணியாக்க. தேவை அதிகமான நாள்களைக் கண்டால் அடைத்ததைத் திறந்துவிடத் தோன்றும். திறக்காதீர்கள், தள்ளிப்போட்ட பழுது நெரிசல் நாளில்தான் வாய் பிளக்கும். அதே நாள்காட்டியில் உங்கள் ஓய்வுக்கென்று வேறு நாள்களையும் அடையுங்கள். அந்த நாள்களில் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேறொருவரை நியமித்து, அவருக்கான கூலியையும் படி 2இன் நோட்டில் நிலைச் செலவாகவே எழுதிவிடுங்கள்.